அமரரும் சிரஞ்சீவியும் ஒரே அட்டையில்: குன்னூரில் ஓர் அச்சகம்

பத்திரிகை அடிக்க எங்கே போகலாம் என்று என்னைக் கேட்பவர்கள் அதிகம். கோத்தகிரி ரோட்டில் ஓர் எஸ்டேட் கிளைத் தபால் நிலையத்தில் 31 வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கருமாதி என்று எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பத்திரிகையானாலும் என் கையால் முத்திரை வாங்கிக்கொண்டுதான் போகும். எந்த அச்சகத்து மை விரலில் ஒட்டும், எந்த அச்சகத்து உறை மழைக்காலத்தில் தானாக வாயைத் திறக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் சொந்த வீட்டுக்கென்று அச்சகப் படி ஏறியது இரண்டே முறை. போன வருஷம் தை மாதம் அப்பாவின் 16ஆம் நாள் காரியத்துக்கு. இந்த வைகாசியில் நடந்த மகன் கல்யாணத்துக்கு. இரண்டுக்கும் ஒரே கடைதான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

கடை, குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் குன்னூருக்கு ஏறும் வழியில், ஒரு பேக்கரிக்கும் கம்பளிக் கடைக்கும் நடுவில், மாடியில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். "ஆவணியும் தையும் வந்தா இருக்கிற வேலையே கழுத்தை நெரிக்குதுக்கா. நீங்க வேற எழுதிவிட்டீங்கன்னா அவ்வளவுதான்" என்றார். உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொன்ன அடையாளமே போதும்.

உள்ளே இரண்டு அறை. முன்னறையில் கம்ப்யூட்டர், ஒரு பெண் பிள்ளை, சிவகாசியிலிருந்து வந்த மாதிரி அட்டைகள் ஒட்டிய தடித்தடி ஆல்பங்கள். பின்னறையில் சின்ன ஆஃப்செட் மெஷின். மூலையில் காலால் மிதித்து ஓட்டும் பழைய அச்சு மெஷின், ட்ரெடில், ஒன்று நிற்கிறது. ரசீது புத்தகத்துக்கு நம்பர் குத்தவும் கிழிக்கிற இடத்தில் ஓட்டை வரிசை போடவும் மட்டும் இப்போது அதைத் தட்டி எழுப்புகிறார்கள். காகித அலமாரியின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பு எந்நேரமும் எரிகிறது. முதலில் எனக்குப் புரியவில்லை. நம் ஊர் மூடுபனியில் காகிதம் ஈரம் குடித்துச் சுருண்டுவிடும், மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும், அதற்காக இந்தச் சூடு என்று அந்தப் பெண்தான் சொன்னது. கோழிக்குஞ்சைக் காப்பாற்றுவது போல அட்டையைக் காப்பாற்றுகிறார்கள்.

கடைக்கு உயிர் என்று நான் சொல்வது மெஷினை அல்ல. காலை 11 மணியிலிருந்து 1 மணி வரை ஜன்னலோரம் வந்து உட்காரும் ஒரு பெரியவரை. எல்லோருக்கும் அவர் ஐயா. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோத்தவர். இப்போது மெய்ப்பு, அதாவது ப்ரூஃப், மட்டும் பார்க்கிறார். தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டுதான் படிப்பார். அந்தக் காலத்தில் கோத்த எழுத்தை அப்படித்தான் படிப்பார்களாம். நேராக வைத்தால் கண் அர்த்தத்தின் பின்னால் ஓடிவிடும், தலைகீழாக வைத்தால்தான் எழுத்தெழுத்தாக நிற்கும் என்பது அவர் கட்சி.

அவரை நான் முதலில் பார்த்ததே ஒரு கோளாறினால்தான். அப்பா தவறிய அன்று ராத்திரி, சித்தப்பா மகன் வேறெங்கேயோ வாட்ஸாப்பில் விவரம் அனுப்பிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து வாங்கி வந்தான். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை, இப்போது சொல்லப் போவதுமில்லை. அழுத கண்ணோடு யார் போஸ்டரைப் படித்தார்கள்? பெரிய எழுத்தில் பெயர் இருந்தது, போட்டோ இருந்தது, ஒட்டிவிட்டார்கள். பத்து நாள் கழித்து 16ஆம் நாள் அட்டை அடிக்க இந்தக் கடைக்குப் போனபோது, "இதே மாதிரி போட்டுக் கொடுங்க" என்று அந்தப் போஸ்டரில் ஒன்றை நீட்டினேன். ஐயா வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"தபாலம்மா, இதை உங்க அப்பாவுக்கு ஆகாதவங்க யாராவது அடிச்சாங்களா?"

போஸ்டரில் அப்பா பெயருக்கு முன்னால் 'அமரர்', அதாவது சாகாதவர், என்று இருக்க வேண்டியது 'அமரார்' என்று இருந்தது. ஒரே ஒரு கால் கூடிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் 'அமரார்' என்று தமிழில் தனியாக ஒரு சொல் இருக்கிறதாம். பகைவர் என்று பொருள். அமர்தல் என்றால் உட்காருவது மட்டுமல்ல, பொருந்துவது, விரும்புவது என்றும் உண்டு. நம்மோடு அமராதவர் அமரார். ஒன்னார், நண்ணார் என்று பகைவருக்குப் பழைய பாட்டுகளில் வருகிறதே, அந்த வகை. சாகாதவரை ஒரு காலில் எதிரியாக்கி எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

'அமரர்' என்ற வார்த்தை அட்டையில் இருந்தே ஆக வேண்டும் என்றது அப்பாதான். அவர் பிறந்தது இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் தோட்டத் தமிழர்களைப் பங்கு பிரித்துப் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பம் இந்தியாவின் பங்குக்கு வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து, அங்கே பறித்த அதே கொழுந்தை இங்கே பறித்தார்கள். இலங்கைத் தமிழர்களிடம் இறந்தவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடுவது ரொம்ப சகஜம். அங்கிருந்து வரும் பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்தால் தெரியும். அங்கே தோட்டத் தொழிலாளர்களின் தலைவராக இருந்த தொண்டமான் 1999இல் காலமான பிறகு அவர் பெயரை அப்பா 'அமரர்' இல்லாமல் சொன்னதே இல்லை. நம் ஊரில் இதற்கு எழுதும் வார்த்தை 'லேட்'. அடைப்புக்குள் லேட், அப்புறம் பெயர். அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "நான் ஒரு நாள் பெரட்டுக்கு லேட்டாப் போனதில்ல. செத்தப்புறம் என்னை லேட்டுன்னு போட்றாதே" என்பார். விடிகாலையில் கங்காணி முன்னால் வரிசையில் நின்று பேர் கொடுப்பதுதான் பெரட்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதையெல்லாம் ஐயாவிடம் சொன்னேன். அவர் அட்டையைத் திருத்துவதை விட்டுவிட்டு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். மரணம் என்கிற சொல்லுக்கு எது வேரோ அதுவேதான் இதற்கும் வேர். முன்னால் ஒரு 'அ' சேர்ந்து, மரிக்காதவர் என்று ஆகிறது. வடமொழிக்காரர்களின் அமரகோசத்தில் தேவர்களுக்கு வரிசையாகப் பெயர் சொல்லும்போது முதல் பெயரே இதுதான். அடுத்தது நிர்ஜரர், அதாவது மூப்பில்லாதவர். அமுதம் என்பதும் இதே குடும்பத்துச் சொல், மரணத்தைத் தள்ளும் பண்டம். ஆக, அமரர் என்றால் தேவர். சரி, தேவருக்கு உரிய பெயர் செத்தவருக்கு எப்படி வந்தது? ஐயா குறளுக்குப் போனார். 'அடக்கம் அமரருள் உய்க்கும்', 121. நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த குறள். அடக்கமாக வாழ்ந்தவனைப் பின்னாளில் அது அமரர்களோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படிப் போய்ச் சேர்ந்தவரை, அவரும் அந்த ஊர்க்காரர் ஆகிவிட்டார் என்று, அமரர் என்று எழுதுகிறோம். குடியுரிமை மாறின மாதிரி என்றார் ஐயா. மண்டபம் முகாமில் காகிதத்தோடு நின்ற குடும்பத்துக்கு இதைவிட நன்றாக யார் விளக்க முடியும்?

அங்கேயே விட்டாரா என்றால் இல்லை. கீழே பேக்கரியில் காலையில் கந்தர் சஷ்டி கவசம் போடுவார்கள், மாடி வரை கேட்கும். "அதுல ஆரம்பத்துலயே வருதே, கவனிச்சிருக்கீங்களா?" என்றார். 'அமரர் இடர்தீர அமரம் புரிந்த குமரனடி நெஞ்சே குறி.' வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் காதில் ஏறியதில்லை. முதல் 'அமரர்' தேவர்கள். அடுத்த 'அமரம்' போர், நம் தமிழ் 'அமர்'. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, ஓசைக்காகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஈய எழுத்தில் இந்த வரியைக் கோத்தால் 'ர' டப்பா காலியாகிவிடும் என்று கோப்பவர்கள் கேலி பேசிக்கொள்வார்களாம்.

'ர' என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஐயாவின் பெரிய சண்டையே அந்த எழுத்தோடுதான். ரகரத்தின் அடியில் சாய்வாக ஒரு கால் உண்டு. அந்தக் காலை எடுத்துவிட்டால் அது துணைக்கால். பழைய ஃபான்டுகளில் அடித்துப் பழகியவர்கள் 'ர்' போட வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டுத் தலையில் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் 'ர்' போலவே இருக்கும். கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காது. ஐயா ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார், நகைக்கடையில் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே அந்த மாதிரி. எங்கள் அட்டையின் மெய்ப்பில் 'அமரர்' மேல் அதை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நடுவில் இருந்த ரகரத்துக்குக் கால் இருந்தது, கடைசி எழுத்துக்கு இல்லை. "கம்ப்யூட்டரு, காலைப் போடும்மா" என்று முன்னறையைப் பார்த்துக் கத்தினார். அந்தப் பெண்ணுக்குக் கடையில் அதுதான் பெயர்.

மறுநாள் 100 அட்டை கைக்கு வந்தது. சாதாரண வெள்ளை அட்டை, கறுப்பு ஓரம், 'தோற்றம் – மறைவு', அப்பா போட்டோ. மொத்தம் 900 ரூபாய். போட்டோ கொஞ்சம் இருட்டடித்திருந்தது. ஒற்றை வண்ணத்தில் அதற்கு மேல் வராது என்றார்கள். எனக்கென்னவோ பிளேட் எடுக்கும்போது இன்னும் கவனித்திருக்கலாம் என்றே படுகிறது. பிளாஸ்டிக் பைக்கு மலையில் தடை என்பதால் நியூஸ் பேப்பரில் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தார்கள். அட்டையைவிட அந்தக் கட்டு நேர்த்தியாக இருந்தது.

கடையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். யார் வீட்டுச் சாவுக்கு என்ன வாசகம் என்று வருஷக்கணக்காக எழுதிச் சேர்த்தது. சிவலோக பதவி, வைகுண்ட பிராப்தி, இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முஸ்லிம் வீடுகளுக்கு 'தாருல் பனாவை விட்டு தாருல் பகாவை அடைந்தார்'. அழியும் வீட்டை விட்டு அழியாத வீட்டுக்குப் போனார் என்று அர்த்தமாம். ஒவ்வொருவரும் சாகவில்லை என்பதை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். செத்தார் என்று ஒருவருக்கும் போட்டதில்லை என்றார் முதலாளி. 'தெய்வத்திரு' என்பதற்கு இப்போது மவுசு அதிகமாம், கோயம்புத்தூர்ப் பக்கம் சம்பந்தம் உள்ளவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் மட்டும் தேதி போட்டு மடித்து வைத்திருந்தது. 2021 டிசம்பர் 8. நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து தளபதி பிபின் ராவத்தும் மற்றவர்களும் போன நாள். அந்த வாரம் அஞ்சலி போஸ்டர் கேட்டு வந்தவர்களில் சிலர் 'அமர் ரஹே' என்று தமிழ் எழுத்தில் போடச் சொன்னார்களாம். வெலிங்டன் பக்கத்தில் ராணுவக்காரர்கள் சொல்லி நம் காதுக்குப் பழகின கோஷம்தான், என்றும் சாகாமல் இருக்கட்டும் என்று பொருள். ஐயா போட மறுத்துவிட்டார். இந்தியில் 'அமர்' சாகாதது. தமிழ் போஸ்டரில் 'அமர்' என்று மொட்டையாக நின்றால் உட்கார் என்றோ சண்டை என்றோதான் நம் கண் படிக்கும், அந்த நேரத்தில் அது கூடாது என்றாராம். 'வீரவணக்கம்' என்று மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் அந்தப் போஸ்டரை மார்க்கெட் சுவரில் பார்த்தவள்தான், இந்தக் கடையின் வேலை என்று அன்றைக்குத் தெரியாது.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது 155377க்குப் போன் செய்தால் வரும் அரசு வண்டி. காசு கேட்கவில்லை. நாங்கள் ஜீப்பில் பின்னால் வந்தோம். வளைவுக்கு வளைவு நின்று நின்று போகும் ரோட்டில், முன்னால் போன வண்டியின் முதுகில் 'அமரர் ஊர்தி' என்று எழுதியிருந்ததை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. சாகாதவர் வண்டி. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஐயாவிடம் இதைச் சொன்னபோது, "இதாவது பரவாயில்லை, கல்கி போயி எழுபது வருஷம் ஆகப் போவுது, இன்னும் அட்டையில அமரர் கல்கின்னுதான் போடுறாங்க. அமரர்ங்கிறது அவரோட அப்பா பேருன்னு நினைக்கிற பசங்க இருக்காங்க" என்றார். முன்னறைப் பெண் நிமிர்ந்து பார்த்து, "அப்ப இல்லையா ஐயா?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

இரண்டாவது முறை போனது இந்த வருஷம் சித்திரையில். இப்போது கை நிறையப் பட்டியல்.

சம்பந்தி வீடு காரமடை. ரங்கநாதரை விட்டு அடி நகராதவர்கள். அவர்கள் அனுப்பிய வாசகத்தில் மாப்பிள்ளை 'சிரஞ்சீவி', பெண் 'சௌபாக்கியவதி'. எங்கள் வழக்கம் 'திருவளர்செல்வன்', 'திருவளர்செல்வி'. வீட்டில் இனிமேல் கல்யாணத்துக்குப் பிள்ளை இல்லை, இதுதான் கடைசி என்றால் 'திருநிறை' போட வேண்டும் என்று வேறு சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு 'சிரஞ்சீவி' அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த வார்த்தையோடு பழக்கம் அதிகம். எங்கள் தபால் நிலையத்துக்கு ஹட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்த கடிதங்களைப் படிக்கத் தெரியாத கிழவிகளுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். 'சிரஞ்சீவி தம்பிக்கு அக்காள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது' என்றுதான் தொடங்கும். சிக்கனக்காரர்கள் 'சி.' என்று ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். பெண்ணுக்கு 'சௌ.'. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி, சத்தமாகப் படிக்கலாம். ஓரத்தில் கறுப்பு மை இழுத்திருந்தால் கையில் கொடுக்கும்போதே அவர்கள் முகம் மாறிவிடும். படித்து முடித்ததும் வாசலிலேயே கிழித்துப் போடச் சொல்வார்கள், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். 'சிரஞ்சீவி' என்று வயதில் பெரியவர்தான் சின்னவரை எழுதுவார். எத்தனையோ அக்காள் தங்கச்சிகள் இரண்டு கரையிலுமாக ஒருவரை ஒருவர் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள், அந்த 'சி.' மட்டும் வந்துகொண்டே இருந்தது.

ஐயாவிடம் கேட்டேன், சிரஞ்சீவி என்றால் சாகாதவன்தானே, மனுஷப் பிள்ளைக்குப் போடலாமா என்று. விரல் விட்டு எண்ணினார். அசுவத்தாமன், மகாபலி, வியாசர், அனுமன், விபீஷணன், கிருபர், பரசுராமர். ஏழு பேர் சிரஞ்சீவி. எட்டாவதாக மார்க்கண்டேயனைச் சேர்ப்பார்கள். இதில் அசுவத்தாமனுக்கு மட்டும் அது வரமல்ல, சாபம். ராத்திரியில் தூங்குகிற பிள்ளைகளைக் கொன்றதற்காக, நெற்றியில் ஆறாத புண்ணோடு காட்டிலும் மேட்டிலும் அலையும்படி கிருஷ்ணன் விட்ட சாபம். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று என் பக்கம் திரும்பினார். ஐயா கையமர்த்தினார். "சிரம்னா நெடுங்காலம். நீண்ட நாள் உசுரோட இருக்கிறவன், அம்புட்டுதான் அர்த்தம். சாகவே மாட்டான்னு அதுல எங்கயும் சொல்லலை. அமரருக்கே கணக்கு உண்டு, பிரம்மாவுக்கு ஒரு பகல் முடியறதுக்குள்ள பதினாலு இந்திரன் மாறிடறான். தாராளமாப் போடுங்க."

அந்த வழக்கு முடிந்தது. அடுத்து அப்பாவின் அக்காள், என் அத்தை. மணமகன் பெயருக்கு மேல் 'அமரர்' என்று போட்டு அப்பா பெயர், 'அவர்களின் பேரனும்' என்று வரிசை போகிறது. அத்தைக்கு 86 வயது, கண் தெரியாது, காது நன்றாகவே கேட்கும். "நல்ல காரியத்துப் பத்திரிகையில சாவு வார்த்தையைப் போடுவாங்களா? சவ வண்டியில எழுதியிருக்கிற வார்த்தைடி அது" என்று ஒரே பிடி. லேட் என்று போடலாம் என்றால் நான் சம்மதிக்கவில்லை. பெயரையே விட்டுவிடலாம் என்றான் என் தம்பி, அவனோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் அத்தையைக் கடைக்கே கூட்டிப் போனேன். படி ஏற்றியது மகனும் முதலாளியும் சேர்ந்து.

ஐயா வாக்குவாதம் செய்யவில்லை. சம்பந்தி வீட்டார் கொடுத்திருந்த தாளை எடுத்து, பத்திரிகையின் தலைப்பில் பெருமாள் படத்துக்குக் கீழே போடச் சொன்ன பாசுரத்தைச் சத்தமாகப் படித்தார். 'பச்சைமாமலைபோல் மேனி பவளவாய் கமலச் செங்கண் அச்சுதா அமரர் ஏறே ஆயர்தம் கொழுந்தே என்னும்...' தொண்டரடிப்பொடியாழ்வார் பாட்டு. அத்தைக்கும் அது பாடம், உதடு கூடவே அசைந்தது. 'அமரர் ஏறே', அதாவது தேவர்களின் காளையே, என்ற இடத்தில் ஐயா நிறுத்தினார். "தலைப்புல பெருமாளே அமரர்களுக்கு ஏறாத்தான் நிக்கிறாரு. அவரோட அமரர்ல ஒருத்தரா உங்க தம்பி கீழே நிக்கட்டுமே, ஆயா."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தது. "கொழுந்துன்னும் வருதுல்ல" என்றது. அப்புறம் சம்மதித்துவிட்டது.

ஆக, எங்கள் வீட்டுப் பத்திரிகையில் மேலே ஒரு அமரர், நடுவில் ஒரு அமரர், அதற்கு இரண்டு வரி கீழே ஒரு சிரஞ்சீவி. மேலே உள்ளவர்கள் சாகாதவர்கள், நடுவில் உள்ளவர் செத்தவர், கீழே உள்ளவன் அன்றைக்குக் காலையில் ஊட்டியில் பைக் சர்வீஸுக்கு விட்டுவிட்டு டீசல் இன்ஜின் ரயிலில் குன்னூர் வந்து இறங்கியவன். மூவருக்கும் ஒரே அச்சு, ஒரே பொன் மை.

இப்போது குறைகள். பொன் மை என்றேனே, அது காய ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் தந்தார்கள். முகூர்த்த நாளில் அழைப்புக் கொடுக்கத் தொடங்கலாம் என்று நாங்கள் போட்ட கணக்கு தவறிப்போனது. 300 அட்டையில் பத்துப் பன்னிரண்டின் முதுகில் மை ஒட்டியிருந்தது. மாற்றிக் கேட்டதற்கு, அதிகப்படியாக வைத்திருந்ததை எண்ணிக் கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை. அட்டை ஒன்று 22 ரூபாய். மேட்டுப்பாளையத்தில் 17க்குக் கிடைக்கிறது என்று தம்பி சொல்லிக் காட்டினான். கிடைக்கும். அங்கே யார் தலைகீழாகப் படிப்பார்கள்? போன் எடுக்கவே மாட்டார்கள், இது பெரிய குறை. வாட்ஸாப்பில் மெய்ப்பு அனுப்புங்கள் என்று கேட்டால் அனுப்புவார்கள், ஆனால் அது ஐயா பார்ப்பதற்கு முன்னால் உள்ளதாக இருக்கும். அதைப் பார்த்து 'ஓகே' போட்டுவிடாதீர்கள். என் தம்பி போட்டான். அதில் 'விசுவாவசு வருடம்' என்பது 'விசுவாசு வருடம்' என்று இருந்தது, மணப்பெண்ணின் 'சௌ'வில் பக்கத்தில் நிற்க வேண்டிய சின்னக் குறிக்குப் பதில் முழு 'ள' நின்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஐயா ஒத்துக்கொள்ள மாட்டார். நல்ல வேளை, நான் 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மார்க் போட வேண்டுமென்றால் 5க்கு 4. போன் எடுக்கத் தொடங்கினால் மீதி ஒன்றையும் கொடுத்துவிடுவேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விவரத்தைக் கையால், கொட்டை எழுத்தில், பெரியவர்களின் இனிஷியலோடு எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் கம்ப்யூட்டர் பெண் தன் இஷ்டத்துக்கு அடிக்கும். துக்கப் பத்திரிகை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஐயா மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு அதை எடுப்பார். ஈயப் பெட்டிகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய, கொம்பு வளைந்த பழைய 'லை', 'ணை' எல்லாம் இன்னும் பெட்டியின் ஒரு அறையில் கிடக்கின்றன. கேட்டால் அவருக்குச் சந்தோஷம். மாடிக்கு 17 படி, கைப்பிடி கிடையாது, மழை நாளில் வழுக்கும். முட்டிவலிக்காரர்கள் கீழே பேக்கரியில் ஒரு டீ சொல்லிவிட்டுப் பையனை மேலே அனுப்பினால், அந்தப் பெண் மெய்ப்பைக் கீழேயே கொண்டுவந்து காட்டும். எங்கள் அத்தைக்காக முதலாளி ஆரம்பித்த வழக்கம் அது, இப்போது எல்லோருக்கும் செய்கிறார்கள்.